மார்பகப் புற்றுநோய் டிரான்ஸ்லேஷனல் ஆய்வு (ஆய்வகக் கண்டுபிடிப்பை நோயாளியின் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் ஆய்வு): புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் ஆண்டில் என்ன செய்ய வைப்பது?

#1 ஆய்வகத்திண்ணை

வணக்கம். பல்கலைக்கழகப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கைடு. ஒரு பிள்ளையை ஆராய்ச்சியாளராக ஆக்குகிறவர் வழிகாட்டி. இரண்டும் ஒன்றல்ல என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இருக்காது. சண்டையெல்லாம் முதல் ஆண்டில் என்ன செய்ய வைப்பது என்பதில்தான். பொத்தாம்பொதுவாகப் பேசினால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம். அதனால் ஒரு கற்பனைக் குழுவை வைத்துக்கொண்டு பேசலாம்.

மருத்துவமனையோடு சேர்ந்த சிறிய ஆய்வகம். புதிதாக மூன்று பேர்: முதலாண்டு பிஎச்டி மாணவி, தரவுப் பகுப்பாய்வு தெரிந்த போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த ஆய்வாளர்), வாரத்தில் இரண்டு நாள் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்ட இளம் அறுவை மருத்துவர். கையில் 2012 முதல் 2018 வரையிலான டிரிபிள் நெகட்டிவ் கட்டிகள் (இஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள் இல்லாத, ஹெர்2 புரதமும் மிகாத கட்டிகள்), 210 பாரஃபின் பிளாக்குகள் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்). 48 பேருக்கு நோய் திரும்பியதாகவோ இறந்ததாகவோ பதிவு இருக்கிறது. 30 பேர் தொடர்பில் இல்லை.

வரைவுத் திட்டம் இது: முதல் மூன்று மாதம் படிப்பு. பிறகு டிஷ்யூ மைக்ரோஅரே (பல கட்டிகளின் சிறு வட்டத் துண்டுகளை ஒரே ஸ்லைடில் அடுக்குவது) செய்து, நோயின் போக்கைக் காட்டக்கூடிய நாலைந்து புரத மார்க்கர்களை மாணவி பார்ப்பார். போஸ்ட்டாக் அதே கட்டிகளில் ஆர்என்ஏ (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று) பார்ப்பார். மருத்துவர் சிகிச்சை விவரங்களைத் தொகுப்பார். வாரம் ஒரு குழுக் கூட்டம்.

இதில் எது முதலில் உடையும்?

#2 நோயியல் மேசை

"முதல் மூன்று மாதம் படிப்பு" என்பதுதான் முதலில் உடையும். படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் அந்த மாணவி கிராசிங் அறையில் (அறுவையில் எடுத்த திசுவைப் பார்த்து வெட்டும் அறை) நிற்க வேண்டும். அறுவை அரங்கில் எடுத்த மார்பகம் எப்படி வந்து சேர்கிறது, யார் நேரத்தை எழுதுகிறார்கள், யார் எழுதாமல் விடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்காதவர் பிளாக்கை நம்பக் கூடாது.

இஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைக்கு ஆஸ்கோ–கேப் (அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர், நோயியலாளர் அமைப்புகள்) வழிகாட்டுதல் சொல்லும் அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கட்டியை எடுத்ததிலிருந்து ஃபார்மலினில் போடும்வரை 1 மணி நேரத்துக்குள். 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம். திசுவைப் போல பத்து மடங்கு ஃபார்மலின். நடைமுறையில் நடப்பது என்ன? சனிக்கிழமை மதியம் எடுத்த முழு மார்பகத்தை வெட்டாமல் வாளியில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான் உள்ளே போகும், கொழுப்பில் இன்னும் மெதுவாக. திங்கட்கிழமை வெட்டும்போது ஓரம் நன்றாக இருக்கும், நடுக்கட்டி கெட்டிருக்கும். கட்டியின் நடுவே கத்தி போட்டு 5 மி.மீ. துண்டுகளாகத் திறந்துவிட்டுப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கெட்ட திசுவில் இஆர் மங்கும். செல் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 மங்கும். பாஸ்போ புரதங்களைக் கேட்கவே வேண்டாம். இதன் பொருள் என்ன தெரியுமா? உங்கள் 210-இல் சில டிரிபிள் நெகட்டிவே அல்ல. திசு கெட்டதால் நெகட்டிவ் ஆனவை.

ஆகவே மாணவியின் முதல் வேலை மார்க்கர் அல்ல, ஒரு அட்டவணை. ஒவ்வொரு பிளாக்குக்கும்: எங்கே அறுவை நடந்தது (வெளி மருத்துவமனையா), ஃபார்மலின் நேரம் பதிவாகியிருக்கிறதா, ஊசி பயாப்ஸியா அறுவைத் துண்டா, கீமோவுக்கு முன்பா பின்பா, கட்டிச் செல் விகிதம், அதே ஸ்லைடில் இயல்பான பால்நாளம் தெரிகிறதா. அந்த நாளம் முக்கியம். அதில் இஆர் நிறம் பிடிக்கவில்லை என்றால் கட்டியின் நெகட்டிவ் முடிவுக்கு மதிப்பில்லை.

அடுத்து, 210-க்கும் இஆர், பிஆர், ஹெர்2 மூன்றையும் திரும்பப் போடுங்கள். இஆருக்கு வெட்டுப்புள்ளி (எத்தனை சதவீதச் செல்லில் நிறம் பிடித்தால் பாசிட்டிவ் என்ற எல்லை) 2010-இல்தான் 10 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கியது. அதன் பிறகும் பழைய பழக்கத்தில் எழுதின ரிப்போர்ட்கள் உண்டு. 2020 திருத்தம் 1–10 சதவீதத்தை 'இஆர் குறை பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிக்கச் சொல்கிறது. இவற்றைப் பிரிக்காமல் ஒரே கூடையில் போட்டால் ஆய்வு முழுக்கக் கலப்படம்.

#3 நிகழ்வெண்ணி

மேடம் சொன்னது பிளாக்கின் கணக்கு. நான் ஆட்களின் கணக்கைச் சொல்கிறேன்.

திண்ணை, 210 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது 48. உயிர்பிழைப்பு ஆய்வில் வலு (உண்மை வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) நிகழ்வுகளின் (நோய் திரும்புதல், இறப்பு) எண்ணிக்கையில் இருக்கிறது, நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை. மார்க்கர் சரிபாதிப் பேருக்கு பாசிட்டிவ், ஆபத்து விகிதம் 2 (பாசிட்டிவ் ஆனவர்களுக்கு நிகழ்வு இரட்டிப்பு வேகத்தில்), வலு 80 சதவீதம், இருபக்கப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 5 சதவீதம் என்று வைத்தால் தேவை ஏறக்குறைய 66 நிகழ்வுகள். கால்வாசிப் பேருக்குத்தான் பாசிட்டிவ் என்றால் 87. உங்கள் 48-ஐ வைத்துப் பிடிக்கக்கூடியது, சரிபாதிப் பிரிவில் 2.25, கால்வாசிப் பிரிவில் 2.5-க்கும் மேல். ஒற்றைப் புரதம் ஒன்று அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இந்தக் கணக்கை மாணவியே கையால் போட வேண்டும். சூத்திரம் ஒரு வரிதான்: (1.96 + 0.84)-இன் வர்க்கத்தை, பாசிட்டிவ் விகிதம் × நெகட்டிவ் விகிதம் × (ஆபத்து விகிதத்தின் இயல் மடக்கை)-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சாஃப்ட்வேரில் எண்ணைத் தட்டி விடை வாங்கிய பிள்ளைக்கு எந்த எண்ணை மாற்றினால் எது ஏறும் என்று தெரியாது. கையால் ஒருமுறை போட்டவருக்கு ஆயுசுக்கும் மறக்காது.

தொடர்பில் இல்லாத 30 பேர் விஷயம் தனி. 48 நிகழ்வு இருக்கும் இடத்தில் 30 பேர் காணவில்லை என்றால் அது ஓட்டை அல்ல, பள்ளம். நோய் முற்றி வேறு ஊர் போனவர்களும் அதில் இருப்பார்கள், குணமாகி வராமல் இருப்பவர்களும் இருப்பார்கள். அறுவை மருத்துவரின் முதல் ஆறு மாத வேலை சிகிச்சை விவரத் தொகுப்பு அல்ல, இந்த 30 பேரைத் தேடுவதுதான். எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்த வழியில் போன், பிறகு கடிதம். அந்த முயற்சிக்கும் ஒரு பதிவேடு.

ஒரு தடை உத்தரவும் போடுங்கள்: வெட்டுப்புள்ளியைத் தரவில் தேடிப் பிடிப்பது கூடாது. எல்லாப் புள்ளியிலும் வெட்டிப் பார்த்துச் சிறந்த பி மதிப்பை (வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் அளவு) எடுத்தால், 5 சதவீதம் என்று நினைத்த பிழை 40 சதவீதத்தை நெருங்கும். புள்ளியை முன்கூட்டியே எழுதி, தேதி போட்டுப் பூட்டுங்கள். 2005-இல் வந்த ரிமார்க் வழிகாட்டுதலை (மார்க்கர் ஆய்வுக் கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியல்) ஆய்வு முடிந்தபின் நிரப்பும் படிவமாகத்தான் பலர் பார்க்கிறார்கள். ஆய்வு தொடங்கும் முன் நிரப்ப வைத்தால் வழிகாட்டியின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

#4 முதலாண்டு

நிகழ்வெண்ணி அண்ணா, ஒரு சந்தேகம். 48 போதாது என்றால் மாணவி என்ன செய்வது? மூன்று வருட ஃபெலோஷிப்பில் புது நிகழ்வுக்குக் காத்திருக்க முடியாதே.

#5 நிகழ்வெண்ணி

நல்ல கேள்வி, தம்பி. மூன்று வழி. ஒன்று, வேறொரு மையத்தோடு சேர்வது. இதற்கு ஒப்பந்தம், அனுமதி என்று ஓராண்டு போகும் என்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். இரண்டு, கேள்வியை மாற்றுவது: உயிர்பிழைப்பை விட்டு, அறுவைக்கு முந்தைய கீமோவுக்குக் கட்டி முழுதாகக் கரைந்ததா என்று பார்ப்பது. அதில் விடை சில மாதங்களில் கிடைக்கும், ஒவ்வொரு நோயாளியும் கணக்கில் வருவார். முழுக் கரைவு ஆம்–இல்லை என்பதோடு நிறுத்தாமல், அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையக் குழு 2007-இல் வெளியிட்ட எஞ்சிய நோய்ச் சுமை அளவையும் நோயியல் துறை எழுதினால் இன்னும் கூர்மை. மூன்று, பொதுவில் கிடைக்கும் தரவில் முதலில் சோதிப்பது. மெடாப்ரிக் என்ற மார்பகப் புற்று மரபணு ஆய்வு 2012-இல் ஏறக்குறைய 2000 கட்டிகளை வெளியிட்டது, நீண்ட பின்தொடர்தலோடு. அங்கே ஒன்றுமே தெரியாத மார்க்கருக்காக உள்ளூர் பிளாக்கைச் சுரண்டுவது பாவம்.

#6 பொட்டிதட்டி

போஸ்ட்டாக் பக்கத்தைச் சொல்கிறேன். பாரஃபின் பிளாக்கிலிருந்து எடுக்கும் ஆர்என்ஏவில், அது சிதையாமல் இருக்கிறதா என்று சொல்லும் ரின் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அது உறைநிலைத் திசுவுக்கான அளவு. இங்கே பார்க்க வேண்டியது டிவி200, அதாவது 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமான துண்டுகளின் விகிதம். 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை ஒதுக்குவது வழக்கம். 2012 பிளாக்குகள் 2018 பிளாக்குகளைவிட மோசமாக இருக்கும். அப்போது என்ன ஆகும் பாருங்கள்: பழைய பிளாக் உள்ளவர்களுக்குத்தான் பின்தொடர்தல் நீளம், நிகழ்வும் அதிகம். பிளாக்கின் வயதும் நோயின் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் 'மோசமான முன்கணிப்பு மரபணுக்கள்' என்று கண்டுபிடிப்பது பழைய ஆர்என்ஏவின் சிதைவாகத்தான் இருக்கும்.

தட்டில் மாதிரிகளை வைக்கும்போதே ஆண்டு, விளைவு இரண்டையும் கலந்து அடுக்க வேண்டும். 'முதல் தட்டில் நோய் திரும்பியவர்கள், இரண்டாம் தட்டில் மற்றவர்கள்' என்று ஒழுங்காக அடுக்குவது அழகாகத்தான் இருக்கும். அந்த ஆய்வை எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

இன்னொரு குழி, பாம்50. 50 மரபணுவை வைத்து உள்வகை பிரிக்கும் அந்த முறையில் ஒவ்வொரு மரபணுவையும் குழுவின் நடு மதிப்புக்கு மையப்படுத்துவார்கள். இஆர் பாசிட்டிவ், நெகட்டிவ் கலந்த குழுவுக்கு உருவான முறை அது. டிரிபிள் நெகட்டிவ் மட்டுமே உள்ள 210 பேரில் அப்படி மையப்படுத்தினால் பேசல் வகைக் கட்டிகளில் (டிரிபிள் நெகட்டிவில் பெரும்பாலானவை) ஒரு பகுதி லுமினலாக (பெரும்பாலும் இஆர் பாசிட்டிவ் கட்டிகளின் வகை) மாறி நிற்கும். கணினி எந்தப் பிழையும் காட்டாது. வண்ண வண்ணப் படமும் வரும். வழிகாட்டி உயிரியல் தெரிந்தவராக இருந்து, 'டிரிபிள் நெகட்டிவில் இவ்வளவு லுமினல் ஏ எப்படி?' என்று கேட்டால்தான் பிடிபடும்.

எக்செல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் அதன் குணத்தால், பெயர் சூட்டும் குழுவே 2020-இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது. பழைய கோப்புகளில் அந்த நோய் இன்னும் இருக்கிறது.

#7 குழாயும் தட்டும்

எல்லாரும் பிளாக்கையே பேசுகிறீர்கள். மாணவி ஒரு கட்டத்தில் செல் லைனுக்கு (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் புற்றுச் செல்களுக்கு) வருவார். அங்கே சொல்லித்தர வேண்டியதை வரிசையாகப் போடுகிறேன். ஒழுங்கு பார்க்காதீர்கள்.

செல் லைன் வந்த அன்றே எஸ்டிஆர் சோதனைக்கும் (செல்லின் டிஎன்ஏ அடையாளம்) மைக்கோபிளாஸ்மா சோதனைக்கும் (செல்களோடு ஒளிந்து வளரும் பாக்டீரியா) போக வேண்டும். எஸ்டிஆர் ஒப்புமை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அதே செல். பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய குப்பிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைனைப் பல ஆண்டுகள் மார்பகப் புற்று என்றே எல்லாரும் பயன்படுத்தினார்கள். அது எம்14 என்ற மெலனோமா (தோல் புற்று) செல். மார்பகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றும் அதை மார்பகம் என்று எழுதிய கட்டுரை மேசைக்கு வரும். பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கும் முதல் கட்டுரையாக அப்படி ஒன்றைக் கொடுத்து 'இதில் என்ன தவறு?' என்று கேட்கலாம்.

எம்டிஏ-எம்பி-231 செல்லை எல்-15 ஊடகத்தில் (செல் வளரும் திரவம்) வளர்த்தால் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் கூடாது. அந்த ஊடகம் சாதாரணக் காற்றுக்கானது, 5 சதவீத வாயுவில் புளித்துவிடும்.

இஆர் பாசிட்டிவ் செல் லைனான எம்சிஎஃப்-7-இல் ஈஸ்ட்ரோஜன் ஆய்வு என்றால் ஃபீனால் ரெட் இல்லாத ஊடகம், கரியால் வடித்த சீரம், குறைந்தது மூன்று நாள் ஹார்மோன் பட்டினி. சாதாரண ஊடகத்தின் சிவப்புச் சாயத்திலேயே ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் கலப்பு உண்டு. சீரத்திலும் ஹார்மோன் உண்டு. இது தெரியாமல் 'ஈஸ்ட்ரோஜன் சேர்த்தும் வித்தியாசம் இல்லை' என்று ஆறு மாதம் போகும். வித்தியாசம் இல்லாதது ஏன்? செல் ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜனைக் குடித்துவிட்டு இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபெனை நேரடியாகத் தட்டில் ஊற்றக் கூடாது. கல்லீரலில் மாறியபின்தான் அதற்கு முழு வீச்சு. தட்டில் கல்லீரல் ஏது? 4-ஹைட்ராக்சி டமாக்சிஃபெனோ எண்டாக்சிஃபெனோ பயன்படுத்த வேண்டும். கீமோ மருந்தான சைக்ளோஃபாஸ்ஃபமைடு இன்னும் மோசம், தட்டில் அது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். இந்த மருந்தை ஊற்றி 'எதிர்ப்பு செல்' கண்டுபிடித்தவர்கள் உண்டு. மருந்தின் செறிவையும் நோயாளியின் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவோடு பக்கத்தில் வைத்து எழுத வைக்க வேண்டும். நூறு மடங்கு ஊற்றினால் எந்தச் செல்லும் சாகும், சோப்புத் தண்ணீரிலும் சாகும்.

எலி மாதிரிக்குப் போகும்போது: இஆர் பாசிட்டிவ் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் வில்லை வைத்தால் எலிக்குச் சிறுநீர் அடைப்பும் பைக்கல்லும் வரும். எடை குறைவதை மருந்தின் நச்சு என்று எழுதிவிடுவார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தர வேண்டும். நோய் எதிர்ப்பு இல்லாத எலியில் நோயாளியின் கட்டியை வளர்த்துவிட்டு இம்யூனோதெரபி கேள்வி கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. எதிர்ப்புச் செல்லே இல்லாத உடம்பில் எதைத் தூண்டுவது?

#8 அறுவைக்கூடம்

மூன்றாமவரான இளம் அறுவை மருத்துவரைப் பற்றி யாரும் பேசவில்லை. வாரத்தில் இரண்டு நாள் என்று தாளில் இருக்கும். நடப்பது என்ன? செவ்வாய் ஆய்வு நாள் என்றால், திங்கட்கிழமை அறுவையில் ரத்தம் கசிந்த நோயாளி செவ்வாய்க்கிழமை காலை அவருடையவர். யூனிட் தலைவர் அழைத்தால் 'இன்று ஆய்வு நாள்' என்று இளம் மருத்துவர் சொல்ல மாட்டார். சொல்லவும் முடியாது.

ஆக இது வழிகாட்டி செய்ய வேண்டிய பேரம். சேரும் முன்பே யூனிட் தலைவர், துறைத் தலைவர், ஆய்வு வழிகாட்டி மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் வேண்டும்: எந்த நாள், அன்று அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பது (பெயரோடு), மாதத்தில் எத்தனை முறை விதிவிலக்கு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் மருத்துவ விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கும் கே08 நிதியில், வழக்கமாக, வேலை நேரத்தில் 75 சதவீதம் ஆய்வுக்கு என்பதே நிபந்தனை. அறுவைத் துறைகளுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள். நம்மிடம் 40 சதவீதம்தான் என்றால் அந்த 40-க்கேற்ற கேள்வியைக் கொடுங்கள். ஆர்என்ஏ பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்து அவருடைய நாளை வீணாக்காதீர்கள். நோயாளியிடம் அவருக்கு இருக்கும் வழி ஆய்வகத்தில் வேறு யாருக்கும் இல்லை.

அறுவை மருத்துவர் கேட்கக்கூடிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் டாடா நினைவு மருத்துவமனைக் குழு 2023-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜியில் வெளியிட்டது. கட்டியை எடுப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு அதைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) ஊசி. பாதிப் பேருக்குப் போட்டார்கள், பாதிப் பேருக்குப் போடவில்லை, குலுக்கல் முறையில். சுமார் 1600 பெண்கள். ஐந்தாண்டு நோயற்ற வாழ்வு 82.6-லிருந்து 86.6 சதவீதம். மருந்து விலை டீ விலை. பின்னணியில் செல்லின் மின்னோட்டம் பற்றிய அடிப்படை அறிவியல் இருக்கிறது. ஆனால் கேள்வி அறுவை மேசையில் பிறந்தது. இதை மற்ற மையங்களும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று விமர்சகர்கள் சொல்வதும் நியாயமே. அதையும் சேர்த்துத்தான் பிள்ளைகளோடு படிக்க வேண்டும்.

ஆய்வக மாணவிக்கும் இதே அளவுகோல். வாரம் ஒருமுறை டியூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவெடுக்கும் கூட்டம்) பின்வரிசையில் உட்காரட்டும், பேச வேண்டாம். பிறகு தன் திட்டத்தைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதட்டும்: 'விடை ஆம் என்றால் ஓபியில் இந்த நோயாளிக்கு இந்த முடிவு மாறும்.' அந்த வாக்கியம் வராவிட்டால் அது நல்ல உயிரியலாக இருக்கலாம், டிரான்ஸ்லேஷனல் அல்ல. இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்று என்று சொல்லி நிதி கேட்பதுதான் தப்பு.

#9 கறார்

எனக்கு முழுத் திட்டமே உடன்பாடில்லை. பழைய பிளாக், நாலு மார்க்கர், கப்லான்-மையர் வளைவு (காலப்போக்கில் எத்தனை பேர் நிகழ்வின்றி இருக்கிறார்கள் என்ற வரைபடம்). இதை எத்தனை ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள்! வெளியான முன்கணிப்பு மார்க்கர்களில் ஓபிக்கு வந்தவை விரல்விட்டு எண்ணலாம். 1987-இல் ஸ்லாமன் குழு ஹெர்2 பெருக்கத்தையும் மோசமான விளைவையும் இணைத்தது, 1998-இல் ஹெர்2-வைக் குறிவைக்கும் மருந்தான டிராஸ்டுசுமாப் வந்தது. அது வந்ததற்குக் காரணம் ஹெர்2 வெறும் முன்கணிப்பாக நிற்காமல் மருந்துக்கு இலக்காக இருந்தது.

அதோடு, 2012–2018 நோயாளிகளில் கண்ட எந்த முன்கணிப்பும் இன்றைய நோயாளிக்குப் பொருந்துமா? கீமோவுக்குப் பின் நோய் எஞ்சினால் கேப்சிடபின் (கீமோ மாத்திரை) என்பது 2017-க்குப் பிறகு பரவியது. தொடக்கநிலை டிரிபிள் நெகட்டிவுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது. பழைய சிகிச்சை பெற்றவர்களின் விளைவை வைத்துப் புதிய சிகிச்சைக் காலத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா? பிள்ளையின் மூன்று ஆண்டை இதில் போடுவது வழிகாட்டல் அல்ல. திண்ணைக்கு எண்ணிக்கையில் ஒரு கட்டுரை கூடும், அவ்வளவுதான்.

#10 நோயியல் மேசை

கறார், நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் நீச்சல் பழக ஆழம் குறைந்த இடம் வேண்டும். பிளாக் முதல் வளைவு வரை ஒரு சங்கிலியை முழுதாகத் தானே பிடித்துப் பார்த்த மாணவி, பிறகு எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எந்தக் கண்ணி மெலிந்தது என்று சொல்லிவிடுவார். மூன்று ஆண்டைப் போட வேண்டாம். எட்டு மாதம். கேள்வி 'புது மார்க்கர்' அல்ல, 'நம் டிரிபிள் நெகட்டிவில் எத்தனை உண்மையில் டிரிபிள் நெகட்டிவ்' என்பதாக இருக்கட்டும். அதற்கு நிகழ்வுகளே தேவையில்லை. விடை எதுவானாலும் மருத்துவமனைக்குப் பயன்: இஆர் இருந்தும் ஹார்மோன் மாத்திரை கிடைக்காமல் போகிறவர் ஒருவரேனும் தப்புவார்.

கூடவே ஸ்ட்ரோமாவில் (கட்டிச் செல்களுக்கு இடையிலான திசு) உள்ள லிம்ஃபோசைட் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) விகிதத்தையும் சாதாரண எச்-இ (வழக்கமான நிறமூட்டல்) ஸ்லைடில் எண்ணச் சொல்லலாம். அதற்குச் சர்வதேசக் குழுவின் முறை இருக்கிறது, ஆன்டிபாடி செலவு இல்லை. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட வேண்டும். மைக்ரோஅரேயில் எண்ணாதீர்கள், முழு ஸ்லைடில் எண்ணுங்கள். 0.6 மி.மீ. வட்டத்தில் ஸ்ட்ரோமா எவ்வளவு வரும்?

#11 கறார்

எட்டு மாதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்த எட்டு மாதத்தை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதிவிட வேண்டும். எழுதாத எட்டு மாதம் இருபத்திரண்டாக நீளும்.

#12 சந்திப்புக் குறிப்பு

வாரக் குழுக் கூட்டம் மட்டும் போதாது. அங்கே பிள்ளைகள் நல்ல படத்தைத்தான் காட்டுவார்கள். தனிச் சந்திப்பு, ஒருவருக்கு வாரம் 45 நிமிடம், நாள் மாறக் கூடாது. முந்தின நாள் மாலை நான்கு வரி வர வேண்டும்: என்ன செய்தேன், எது வரவில்லை, நான் நினைக்கும் காரணம், அடுத்த வாரம். இரண்டாம் வரி தொடர்ந்து மூன்று வாரம் காலியாக இருந்தால் பிள்ளை மறைக்கிறது என்று அர்த்தம். மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம் முகம்தான்.

இரண்டு வழிகாட்டி உள்ள இடத்தில் (இங்கே நோயியல் ஒருவர், புள்ளியியல் ஒருவர் என்று வரும்) பிள்ளை தூதுவனாக அலையும். 'அவர் இப்படிச் சொன்னார்' என்று இவரிடம், இவர் சொன்னதை அவரிடம். மாதம் ஒருமுறை மூவரும் ஒரே அறையில். அங்கே எடுத்த முடிவை மாணவி எழுதி அன்றே மின்னஞ்சலில் அனுப்ப, இருவரும் 'சரி' என்று பதில் போட வேண்டும். பதில் போடாதவருக்குப் பிறகு மாற்றிப் பேச உரிமை இல்லை.

ஆசிரியர் வரிசையைத் தரவு வரும் முன்பே பேசுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ சொல்லும் நான்கு நிபந்தனையும் நிறைவேறினால்தான் ஆசிரியர். பிளாக் எடுத்துக் கொடுத்த டெக்னீஷியனுக்கு நன்றிப் பகுதி, ஸ்கோர் போட்ட நோயியலாளர் எழுத்திலும் பங்கெடுத்தால் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதால் பெயர் என்ற வழக்கத்தைப் பிள்ளை எதிர்க்க முடியாது, வழிகாட்டி எதிர்க்கலாம்.

எத்திக்ஸ் பற்றிச் சுருக்கமாக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, அடையாளம் நீக்கிய எஞ்சிய திசுவுக்கு ஒப்புதல் விலக்குக் கேட்கலாம். ஆனால் தொடர்பு விட்டுப்போன 30 பேருக்குப் போன் செய்யும்போது அடையாளம் நீங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போட்டுவிட்டுப் பிறகு விழிக்கக் கூடாது. வெளிநாட்டுக் கூட்டாளிக்கு மாதிரி அனுப்புவது தனி அனுமதி, தனிக் காலம். விண்ணப்பத்தை மாணவியே எழுதட்டும், கமிட்டியின் கேள்விகளுக்கும் அவரே நேரில் பதில் சொல்லட்டும்.

#13 நிகழ்வெண்ணி

சந்திப்புக் குறிப்பு சொன்ன 'நம் முகம்' பற்றி ஒரு நிஜ உதாரணம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செல் லைன் தரவை வைத்துக் கீமோ எது வேலை செய்யும் என்று கணிக்கும் மரபணுக் குறிகள் 2006 முதல் வெளியாயின. அவற்றை வைத்து நோயாளிகளிடம் சோதனையும் தொடங்கினார்கள். எம்.டி. ஆண்டர்சனைச் சேர்ந்த பாகர்லி, கூம்ப்ஸ் இருவரும் தரவைத் தோண்டி 2009-இல் எழுதினார்கள்: அட்டவணையில் மரபணுப் பெயர்கள் ஒரு வரி நகர்ந்திருக்கின்றன, சில இடங்களில் 'மருந்துக்குக் கேட்கும் செல்', 'எதிர்க்கும் செல்' என்ற முத்திரைகளே தலைகீழ். சோதனைகள் 2010-இல் நின்றன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

வழிகாட்டிகள் கவனிக்க வேண்டியது வேறு. 2008-இலேயே அதே ஆய்வகத்திலிருந்த மருத்துவ மாணவர் ஒருவர் தன் ஐயங்களை எழுத்தில் கொடுத்தார். கேட்டவர்கள் அதை அடக்கி வைக்கச் சொன்னார்கள். அவர் கட்டுரைகளிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டு வேறு ஆய்வகம் போனார். ஐயம் கேட்க வழி திறந்திருந்தால் அந்தக் கதை இரண்டு ஆண்டு முன்பே முடிந்திருக்கும்.

நடைமுறையில்: ஒவ்வொரு குழுவிலும் கட்டுரை அனுப்பும் முன் வேறொரு பிள்ளை மூலத் தரவிலிருந்து முதல் படத்தைத் திரும்ப வரைய வேண்டும். கோப்பு, குறிமுறை மட்டும் கொடுத்து, வாயால் விளக்கம் சொல்லாமல். இரண்டு நாள் வேலை. வராவிட்டால் அனுப்பக் கூடாது. ஐயம் சொல்ல, வழிகாட்டிக்கு வெளியே ஒருவரின் பெயரும் சேர்ந்த நாளிலேயே கொடுக்கப்பட வேண்டும்.

#14 ஆய்வகத்திண்ணை

நன்றி எல்லாருக்கும். திருத்திய திட்டம்: மாணவி இரண்டு வாரம் கிராசிங் அறை, பிறகு பிளாக் அட்டவணை, இஆர்–பிஆர்–ஹெர்2 மறுசோதனை, லிம்ஃபோசைட் எண்ணிக்கை, எட்டாம் மாதம் முடிவு. மருத்துவர் 30 பேரைத் தேடுவார், கூடவே அறுவைக்கு முந்தைய கீமோ நோயாளிகளை இனிமேல் வரிசையாகச் சேர்க்கும் திட்டத்தை எழுதுவார். போஸ்ட்டாக் முதலில் மெடாப்ரிக், பிறகு 20 பிளாக்கில் டிவி200 மட்டும் பார்த்து, ஆர்என்ஏ செய்யலாமா என்று தீர்ப்புச் சொல்வார். மைக்ரோஅரே நிறுத்திவைப்பு.

ஒரு கேள்வி பாக்கி. மறுசோதனைக்கு ஒரே தடவையில் எல்லா ஸ்லைடும் வெட்டி வைத்துக்கொள்ளலாமா? பிளாக்கைத் திரும்பத் திரும்ப மெஷினில் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் திசு வீணாகிறதே.

#15 நோயியல் மேசை

வீணாவது உண்மை. ஆனால் வெட்டி வைத்த ஸ்லைடில் ஆன்டிஜென் மங்கும். ஹெர்2-வுக்கு ஆறு வாரத்துக்கு மேல் பழைய ஸ்லைடு வேண்டாம் என்பது வழிகாட்டுதல். ஆகவே வாரத்துக்கு 30 பிளாக், ஒவ்வொன்றிலும் 4 மைக்ரான் அளவில் ஐந்து ஸ்லைடு: எச்-இ ஒன்று, மூன்று மார்க்கர், ஒன்று உபரி. ஏழு வாரத்தில் 210 முடியும், எந்த ஸ்லைடும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காது.

ஊசி பயாப்ஸி பிளாக்கில் திசு நூலளவுதான் மிச்சம் என்றால் தொடாதீர்கள், அட்டவணையில் 'விடப்பட்டது' என்று எழுதுங்கள். நோய் திரும்பி வந்தால் இம்யூனோதெரபிக்கு முன் பார்க்கும் பிடி-எல்1 புரதத்தைப் பார்க்கவோ, ஹெர்2 குறைநிலை உண்டா என்று பார்க்கவோ அந்த நோயாளிக்கு அதுவே கடைசித் துண்டாக இருக்கலாம்.

ஸ்லைடின் சொரசொரப்பான வெண்முனையில் எண்ணைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மார்க்கர் பேனா மை சைலீனில் கழுவிப் போய்விடும், அத்தனை ஸ்லைடும் பெயரில்லாமல் நிற்கும்.